டிவிடி டிரைவ் இழுக்கிறது: ரீசெட்டா, கேபிளா, புது டிரைவா?

சிவகாசியில் எனக்குப் பழக்கமான ஒரு டிடிபி கடை. காலண்டர், டைரி, பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று வேலை ஓயாத இடம். ஒருநாள் காலையில் கடைக்கார அண்ணாச்சி போனில் கூப்பிட்டார். "தம்பி, டிவிடி டிரைவ் போயிருச்சு போல. ஒரு டிஸ்க் காப்பி ஆக முக்கால் மணி நேரம் இழுக்குது. வரும்போது புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்க."

நான் வாங்காமல்தான் போனேன். பழைய டெஸ்க்டாப்பில் டிஸ்க் மெதுவாகப் படிக்கிறது என்றால், முதல் சந்தேகம் டிரைவ் மேல் விழக்கூடாது என்பது இத்தனை வருட சர்வீஸ் வேலையில் நான் கற்றது. செலவே இல்லாத வழியிலிருந்து புது டிரைவ் வரை இதற்கு நாலைந்து வழிகள் இருக்கின்றன. எது யாருக்குச் சரி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அண்ணாச்சியின் மெஷின் இன்டெல் 845 சிப்செட் மதர்போர்டு, பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி. இன்றைக்கும் இப்படி ஒரு மெஷினா என்று கேட்பவர்கள் அச்சுத் தொழிலைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க மாட்டார்கள். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்டுகளில், பேஜ்மேக்கரில் செய்த வேலைகள் அப்படியே வெளியே வர வேண்டுமென்றால் அந்தப் பழைய மெஷின் உயிரோடு இருந்தாக வேண்டும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு கைகழுவிவிட்டது. அதனால் அதை இன்டர்நெட்டில் சேர்க்காமல் தனியே வைத்திருந்தார். மேலே ஷெல்ஃபில் முன்னூறு டிஸ்க் இருக்கும். பழைய பார்ட்டி யாராவது வந்து "2009-ல போட்டோமே, அதே முருகன் படம்" என்று கேட்டால், அந்த முன்னூறில் ஒன்றைத்தான் தேடி எடுத்துப் போட வேண்டும்.

டிஸ்க்கைப் போட்டு காப்பி கொடுத்தேன். காப்பி ஓடும்போது மவுஸை மெதுவாக வட்டமாகச் சுற்றினேன். அம்புக்குறி தொடர்ந்து நகரவில்லை, விட்டு விட்டுத் தாவியது. பின்னால் ஓடிக்கொண்டிருந்த பாட்டும் கரகரத்தது. டிரைவ் கெட்டுப்போனால் டிரைவ்தான் திணறும், மவுஸ் ஏன் திணற வேண்டும்? டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய், வியூ மெனுவில் கெர்னல் டைம், அதாவது விண்டோஸின் உள்வேலைக்குப் போகும் நேரம், காட்டும் வசதியை டிக் செய்தேன். பச்சைக் கோட்டை ஒட்டியே சிவப்புக் கோடும் உச்சியில் நின்றது. அதாவது ப்ராசசர் எந்தப் புரோகிராமுக்காகவும் உழைக்கவில்லை, டிஸ்க்கிலிருந்து டேட்டாவைச் சுமப்பதிலேயே செத்துக்கொண்டிருந்தது.

அங்கேயே நோய் தெரிந்துவிட்டது. டிரைவ் பிஐஓ முறைக்கு விழுந்திருந்தது.

பிஐஓ, டிஎம்ஏ இரண்டும் டிரைவிலிருந்து மெமரிக்கு டேட்டா வந்து சேரும் முறைகள். டிஎம்ஏவில் கன்ட்ரோலரே சரக்கை நேராக மெமரியில் இறக்கிவிட்டு, "முடிந்தது" என்று மட்டும் ப்ராசசரிடம் சொல்லும். பிஐஓவில் ப்ராசசர் தானே போய் இரண்டிரண்டு பைட்டாக எடுத்து வந்து வைக்க வேண்டும். கல்லாவில் உட்கார வேண்டிய முதலாளி லாரியில் ஏறி பண்டல் இறக்குவதைப் போலத்தான். பண்டலும் சீக்கிரம் இறங்காது, கல்லாவும் நின்றுபோகும்.

எண்களில் பார்த்தால், பிஐஓவின் கடைசிப் படியான மோட் 4 ஏட்டளவில் நொடிக்கு 16.7 எம்பி தரும். ஆப்டிகல் டிரைவ்கள் வழக்கமாக ஓடும் அல்ட்ரா டிஎம்ஏ மோட் 2 தருவது 33.3 எம்பி. டிவிடியில் 1 எக்ஸ் என்பது நொடிக்குச் சுமார் 1.385 எம்பி, ஆகவே 16 எக்ஸ் டிரைவின் உச்சம் 22 எம்பிக்குச் சற்று மேல். இந்தக் கணக்குப்படி மோட் 4-லேயே 12 எக்ஸ் வரை வர வேண்டும். நடைமுறையில் வராது. எக்ஸ்பியில் பிஐஓவுக்கு விழுந்த டிரைவ் இரண்டு மூன்று எம்பியில் மூச்சு வாங்குவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அண்ணாச்சியின் முக்கால் மணி நேரத்தை 4.7 ஜிபிக்கு வகுத்தால் 1.7 எம்பிதான், அதாவது ஒன்றேகால் எக்ஸ். நல்ல நிலையில் இருக்கும் 16 எக்ஸ் டிரைவ் அதே டிஸ்க்கை ஐந்தாறு நிமிடத்தில் முடித்துவிடும்.

இந்த வீழ்ச்சி தானாக நடந்தது, அண்ணாச்சி எதையும் மாற்றவில்லை. ஐடிஇ என்பது டிரைவையும் போர்டையும் பட்டைக் கேபிளால் இணைக்கும் பழைய முறை. அதைக் கவனிக்கும் எக்ஸ்பியின் டிரைவர் சாஃப்ட்வேர் பிழைகளை எண்ணிக்கொண்டே வரும். கட்டளை அனுப்பிக் காத்திருந்து பதில் வராவிட்டால் அது டைம்-அவுட். வந்த டேட்டா, வழியில் சிதைந்ததா என்று பார்க்கும் சிஆர்சி சோதனையில் தேறாவிட்டால் அதுவும் பிழை. இவை ஆறு சேர்ந்ததும் வேகத்தை ஒரு படி இறக்கும். பிழை தொடர்ந்தால் இன்னொரு படி. கடைசியில் பிஐஓ. அதற்குப் பிறகு கேபிளைச் சரிசெய்தாலும், நூறு டிஸ்க்கைப் பிழையில்லாமல் படித்தாலும், தானாக மேலே ஏறாது. பல வீடுகளில் நல்ல டிரைவ்கள் குப்பைக்குப் போனது இதனால்தான்.

முடிவெடுக்கும் முன் ஒரு நிமிடம் செலவழித்து உங்கள் மெஷினிலும் இதே நோய்தானா என்று பாருங்கள். மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக், மேனேஜ், டிவைஸ் மேனேஜர். அதில் ஐடிஇ கன்ட்ரோலர்கள் என்ற தலைப்பின் கீழே பிரைமரி, செகண்டரி என்று இரண்டு சேனல் இருக்கும், கேபிளுக்கு ஒன்று. டிவிடி டிரைவ் பெரும்பாலும் செகண்டரியில். அதன் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால் டிவைஸ் 0, டிவைஸ் 1 என்று இரண்டு கட்டம். ஒவ்வொன்றிலும் இரண்டு வரி: நாம் கேட்பது மேலே, உண்மையில் நடப்பது கீழே. மேல் வரியில் "டிஎம்ஏ இஃப் அவைலபிள்" என்று நல்லபடியாகவே இருக்கும். கீழ் வரியில் "பிஐஓ மோட்" என்று இருந்தால் நோய் உறுதி. மேல் வரியை மட்டும் பார்த்துவிட்டு "டிஎம்ஏ போட்டுத்தான் இருக்கு" என்று மூடிவிடுபவர்கள் அதிகம். கீழ் வரியைப் படியுங்கள்.

கீழே அல்ட்ரா டிஎம்ஏ மோட் 2 என்று இருந்தும் டிஸ்க் இழுத்தால், அது வேறு கதை. டிஸ்க்கில் கீறல் இருக்கலாம், லென்ஸில் தூசி இருக்கலாம். சினிமா டிவிடி என்றால் பல டிரைவ்கள் சத்தம் குறையட்டும் என்று தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 16 எக்ஸ் என்பதே டிஸ்க்கின் வெளி விளிம்பில்தான் கிடைக்கும், உள்வட்டத்தில் அதில் பாதியைவிடக் குறைவு. சோதித்துப் பார்க்க எளிய வழி: கீறலில்லாத, கடையில் வாங்கிய டிஸ்க் ஒன்றைப் போட்டு ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்யுங்கள். அது ஓடி, உங்கள் டிஸ்க் மட்டும் ஓடவில்லையென்றால் மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை.

ரீசெட்: காசில்லாத வழி

பிஐஓதான் என்று உறுதியானால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். டிவைஸ் மேனேஜரில் அந்த செகண்டரி சேனலையே அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். எக்ஸ்பி அதைப் புதிதாகக் கண்டுபிடித்து, பழைய பிழைக் கணக்கை மறந்து, டிஎம்ஏவில் தொடங்கும். சில சமயம் இன்னொரு ரீஸ்டார்ட் கேட்கும், கொடுங்கள். "அன்இன்ஸ்டால்" என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், டிஸ்க்கில் இருப்பது எதுவும் அழியாது. மொத்தம் ஐந்து நிமிட வேலை.

அதே வேலையை, விண்டோஸ் தன் செட்டிங்குகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியிலும் செய்யலாம். கன்ட்ரோல், அதன் கீழ் கிளாஸ், அதில் 4டி36இ96ஏ என்று தொடங்கும் நீண்ட பெயருள்ள ஃபோல்டர். உள்ளே 0001, 0002 என்று சேனல்கள். அவற்றில் மாஸ்டர்ஐடிடேட்டாசெக்சம், ஸ்லேவ்ஐடிடேட்டாசெக்சம் என்ற இரண்டு பதிவுகளை அழித்தால் பலன் அதேதான். சேனல் அன்இன்ஸ்டால் ஒத்துவராத மெஷினில் மட்டும் நான் இதைத் தொடுவேன். ரெஜிஸ்ட்ரியில் கை தவறினால் ஐந்து நிமிட வேலை ஒரு நாள் வேலையாகிவிடும்.

அங்கேயே ரீசெட்எரர்கவுன்டர்ஸ்ஆன்சக்சஸ் என்று ஒரு பதிவை நாமே உருவாக்கி 1 என்று கொடுக்கும் வழியும் உண்டு. அப்படிச் செய்தால் ஒரு முறை பிழையில்லாமல் படித்ததும் பிழைக் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் பிழைகள் சேர்ந்து ஆறாகாது. நிறைய பேர் முதல் வேலையாக இதைச் செய்யச் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பிழை ஏன் வருகிறது என்று தெரியும் முன்பே பிழை எண்ணும் கணக்குப் புத்தகத்தைக் கிழிப்பது சரியல்ல. காரணம் தெரிந்து, அது தீங்கில்லாதது என்று உறுதியான பிறகு போடுங்கள்.

ரீசெட்டின் உண்மையான மதிப்பு அது தரும் வேகத்தில் மட்டும் இல்லை. அது ஒரு சோதனை. ரீசெட் செய்த தேதியைக் குறித்து வையுங்கள். கீறல் விழுந்த டிஸ்க் ஒன்றோடு டிரைவ் மல்லுக்கட்டியதால் டைம்-அவுட் சேர்ந்து விழுந்திருந்தால், இனி மாதக்கணக்கில் விழாது, வேலை முடிந்தது. கேபிளிலோ டிரைவிலோ கோளாறு இருந்தால் ஒரு வாரத்தில், சில சமயம் அன்று சாயங்காலமே, மறுபடி பிஐஓவில் நிற்கும். அடுத்து எதில் காசு போடுவது என்பதை அந்த இடைவெளி சொல்லிவிடும்.

அண்ணாச்சியின் மெஷின் அன்று மதியமே விழுந்தது.

இங்கே இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். "மெதுவா போனா என்ன தம்பி, பத்திரமா போகுதுல்ல" என்றார் அண்ணாச்சி. பலரும் நினைப்பது இதுதான், ஆனால் நிலைமை நேர்மாறு. கேபிள் வழியே போகும் டேட்டாவுக்கு சிஆர்சி சோதனை வந்தது அல்ட்ரா டிஎம்ஏவோடுதான். பிஐஓவில் அந்தச் சோதனையே கிடையாது. கேபிள் கோளாறால்தான் டிரைவ் பிஐஓவுக்கு இறங்கியது என்றால், அதே கோளாறுள்ள கேபிளில் இப்போது சோதனை இல்லாமல் டேட்டா போய்க்கொண்டிருக்கிறது. வேகம் குறைவதால் பிழையும் குறையும் என்பது உண்மை, ஆனால் ஒன்றிரண்டு வந்தால் சொல்ல ஆள் இல்லை. அந்த நாட்களில் எழுதிய டிஸ்க்குகளை வெரிஃபை செய்யாமல் நம்பாதீர்கள்.

கேபிள்: எல்லோரும் தாண்டிப் போகும் இடம்

பவரை எடுத்துவிட்டு கேபினட்டைத் திறந்தேன். உயரமான டவர் கேபினட். டிவிடி டிரைவ் உச்சியில், போர்டின் ஐடிஇ சாக்கெட் கீழே. முன்பு யாரோ ஹார்ட் டிஸ்க் மாற்றியபோது, எட்டவில்லை என்று நீளமான பட்டைக் கேபிள் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். அளந்து பார்த்தேன், 60 சென்டிமீட்டர். ஐடிஇ கேபிளுக்கு விதித்த எல்லை 18 அங்குலம், அதாவது 46 சென்டிமீட்டர்.

நீளம் மட்டுமில்லை. அந்தக் கேபிளில் மூன்று கனெக்டர்: ஒன்று போர்டுக்கு, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. டிவிடி டிரைவை நடுக் கனெக்டரில் மாட்டிவிட்டு, கடைசித் துண்டை எதிலும் மாட்டாமல் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளைப் பெட்டிக்குக் கீழே மடித்துத் திணித்திருந்தார்கள். இது தவறு. சிக்னல் கேபிளின் கடைசி வரை போகும், அங்கே வாங்கிக்கொள்ள எதுவும் இல்லையென்றால் திரும்பி வந்து புதுச் சிக்னலோடு மோதும். ஒரே ஒரு டிரைவ் இருந்தால் அதைக் கடைசிக் கனெக்டரில்தான் மாட்ட வேண்டும். போதாததற்கு, பக்கத்து மூடியை மாட்டும்போது ஒரு மடிப்பு தகரத்தில் சிக்கி, மேல் ஓரத்துக் கம்பி வெளியே பளபளத்தது. நகத்தால் தொட்டுப் பார்த்தேன், ரப்பர் உரிந்து செம்பு தட்டுப்பட்டது.

பையிலிருந்து 80 கம்பிக் கேபிள் ஒன்றை எடுத்து மாட்டினேன். 40 கம்பிக் கேபிளையும் 80 கம்பிக் கேபிளையும் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். 40-ல் வரிகள் தடித்து, விரலால் எண்ணும்படி இருக்கும். 80-ல் மெல்லிய வரிகள் நெருக்கமாக ஓடும். கூடுதலாக இருக்கும் 40-உம் கிரவுண்டு கம்பிகள், பக்கத்துப் பக்கத்துச் சிக்னல் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் காக்கும் வேலிகள். 80 கம்பியில் நீலக் கனெக்டர் போர்டுக்கு, கறுப்பு கடைசி டிரைவுக்கு, சாம்பல் நடு டிரைவுக்கு. விதிப்படி பார்த்தால் மோட் 2 வரை 40 கம்பியே போதும். டிவிடி டிரைவுக்கு 80 கம்பி இல்லாவிட்டால் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிற்கால ரைட்டர்களில் சில மோட் 4 வரை போகும், அதற்கு 80 கட்டாயம். பழைய 40 கம்பிக் கேபிளை நம்பி உட்கார்ந்திருப்பதைவிட, ஒரு டீ டிபன் செலவில் கிடைக்கும் கேபிளை மாற்றிவிடுவது நிம்மதி. புதிதாகக் கிடைக்காவிட்டால் பழைய போர்டுகளைப் பிரித்து விற்கும் கடைகளில் கிடைக்கும், சென்னையில் ரிச்சி தெருவில் தேடினால் இன்றும் அகப்படும். மடிப்புத் தழும்பு இல்லாததாகப் பார்த்து எடுங்கள்.

எட்டாத பிரச்சினைக்கு டிரைவையே ஒரு அறை கீழே இறக்கி மாட்டினேன். கேபிள் எட்டியது. கேபிளின் முதல் டிரைவ் இதுதான் என்று காட்ட, பின்னால் உள்ள ஜம்பர் என்ற சின்னத் துண்டை மாஸ்டரில் வைத்து, சேனலை மறுபடி ரீசெட் செய்தேன். கேபிள் மாற்றினால் மட்டும் போதாது, ரீசெட்டும் சேர்ந்தால்தான் வேகம் திரும்பும். இந்த இரண்டாம் படியை மறந்துவிட்டு, "கேபிள் மாத்தியும் சரியாகல, டிரைவ்தான் போச்சு" என்று முடிவுகட்டிய கேஸ்கள் என்னிடம் வந்திருக்கின்றன.

ஹார்ட் டிஸ்க்கும் டிவிடியும் ஒரே கேபிளில் இருந்தால் ஹார்ட் டிஸ்க்கும் டிவிடி வேகத்துக்கு இறங்கிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கும் எந்த போர்டிலும் அப்படி இல்லை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேகம் வைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேச முடியும். டிவிடி பிஐஓவில் இழுத்துக்கொண்டிருந்தால் அதே கேபிளில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் வரிசையில் நிற்கும். 845 போர்டில் இரண்டு ஐடிஇ சாக்கெட் இருக்கிறது, பிரித்து மாட்டிவிடலாம். 945 போர்டு என்றால் ஒன்றுதான், அங்கே ஹார்ட் டிஸ்க் சாட்டாவாக, அதாவது ஐடிஇக்கு அடுத்து வந்த மெல்லிய கேபிள் வகையாக, இருந்தால் கவலை இல்லை.

புது டிரைவ்

நல்ல கேபிள், சரியான கனெக்டர், ரீசெட், எல்லாம் செய்தும் வாரத்துக்கு ஒரு முறை பிஐஓவுக்கு விழுகிறது, எந்த டிஸ்க்கைப் போட்டாலும் டிரைவ் சுற்றிச் சுற்றி நிற்கிறது என்றால் டிரைவ் முடிந்தது. அப்போது மாற்றுங்கள். ஐடிஇ டிரைவைத் தேடாதீர்கள். விற்பனைக்கு வருவதெல்லாம் யாரோ பயன்படுத்திக் கழற்றியது, லேசர் எத்தனை வருடம் எரிந்தது என்று யாருக்கும் தெரியாது.

போர்டில் சாட்டா சாக்கெட் இருந்தால் சாட்டா டிவிடி ரைட்டர் வாங்கலாம். இன்டெல் 865 போர்டுகளிலிருந்து சாட்டா உண்டு, 845 சிப்செட்டில் கிடையாது. சாட்டா கேபிள் மெலிதானது, மாஸ்டர் ஸ்லேவ் தகராறு இல்லை. ஆனால் பயாஸில், அதாவது மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டின் செட்டிங்கில், அது ஐடிஇ முறையில் வைக்கப்பட்டிருந்தால் எக்ஸ்பி அதையும் பழைய சேனலாகத்தான் பார்க்கும், அதே பிழைக் கணக்கு அங்கேயும் உண்டு. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா பவர் வயர் இருக்காது, கன்வெர்ட்டர் போடுவார்கள். அதில் பிளாஸ்டிக்கை உருக்கி ஒரே கட்டியாக வார்த்த மலிவு வகையைத் தவிருங்கள், உள்ளே கம்பிகள் தொட்டுக்கொண்டு தீப்பிடிக்கும் வகை அது. கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியாக அழுத்திச் செருகிய வகையைக் கேட்டு வாங்குங்கள்.

சாட்டா இல்லாத போர்டுக்கு, அதன் பிசிஐ துளையில் செருகும் சாட்டா கார்டு போட்டு சாட்டா டிரைவ் மாட்டலாம்தான். கார்டு, டிரைவர், பவர் கன்வெர்ட்டர் என்று செலவும் வேலையும் ஏறும். இருபது வருட மெஷினுக்கு அந்தச் செலவை நான் யாருக்கும் சொல்வதில்லை.

வெளியில் மாட்டும் யூஎஸ்பி ரைட்டர்

கடையில் எளிதாகக் கிடைப்பது இதுதான். யூஎஸ்பியில் வருவதால் ஐடிஇ சேனலின் பிழைக் கணக்கு இதைத் தொடாது, பிஐஓவுக்கு விழாது. இந்த மெஷினுக்கு ஆயுள் முடிந்தாலும் அடுத்த லேப்டாப்பில் மாட்டலாம். மெல்லிய டிரைவ் என்பதால் டிவிடி 8 எக்ஸ்தான், ஆனால் பிஐஓவோடு ஒப்பிட்டால் அதுவே பறக்கும்.

மாட்டும் துளையைப் பார்த்து மாட்டுங்கள். பழைய மெஷினில் யூஎஸ்பி 1.1 இருந்தால் ஏட்டளவிலேயே நொடிக்கு ஒன்றரை எம்பிதான். கையில் கிடைப்பது ஒரு எம்பி, டிவிடியின் 1 எக்ஸ்கூட இல்லை. அண்ணாச்சியின் பழைய நோயைக் காசு கொடுத்து வாங்கிய கதையாகிவிடும். 2.0 துளை இருந்தும் எக்ஸ்பியில் சர்வீஸ் பேக் போடாமல் இருந்தால் அதே கதிதான். மாட்டியதும் வலது மூலையில் "இந்தக் கருவி இன்னும் வேகமாக ஓடும்" என்ற பொருளில் ஒரு பலூன் வந்தால் இதுதான் காரணம். இன்னொன்று, முன்பக்கத் துளையில் மாட்டாதீர்கள். சுற்றத் தொடங்கும்போது டிரைவ் இழுக்கும் மின்சாரத்தை முன்பக்க வயர் தாங்காமல் டிரைவ் கட்டாகிக் கட்டாகி வரும். பின்பக்கம், போர்டிலேயே இருக்கும் துளையில் மாட்டுங்கள். இரட்டைத் தலை கேபிள் கூட வந்தால் இரண்டையும் மாட்டுங்கள்.

டிஸ்க்குகளை வேறு மெஷினுக்குக் கொண்டு போவது

இதை ஒரு வழியாகவே பலர் எண்ணுவதில்லை. எனக்கு இதுதான் பெரிய வழி. கேள்வி ஒன்றுதான்: அந்தப் பழைய மெஷினில் டிவிடி டிரைவ் உங்களுக்கு எதற்கு? தினமும் டிஸ்க் எழுதிக் கொடுக்கிறீர்களா, அல்லது பழைய டிஸ்க்கிலிருந்து எடுக்க மட்டுமா? எடுக்க மட்டும் என்றால் அந்த டிரைவைச் சீர்செய்து வைத்து ஆண்டுக்கணக்கில் காப்பாற்றுவது வீண் வேலை. புது மெஷினில் நல்ல சாட்டா டிரைவ் அல்லது யூஎஸ்பி ரைட்டர் மாட்டி, எல்லா டிஸ்க்கையும் ஒரு முறை ஹார்ட் டிஸ்க்கில் இறக்கிவிடுங்கள். தேவைப்படும் ஃபைலை மட்டும் பென் டிரைவில் பழைய மெஷினுக்குக் கொண்டு போங்கள்.

இதில் அவசரமும் இருக்கிறது. நாம் வீட்டில் எழுதும் டிஸ்க்கில் டேட்டா இருப்பது சாயத்தில். லேசர் அந்தச் சாயத்தில் புள்ளி வைத்துத்தான் எழுதுகிறது. வெயிலும் சூடும் பட்டால் சாயம் மங்கும். சிவகாசி வெக்கையில், தகர ஷெல்ஃபில், பத்துப் பதினைந்து கோடை கண்ட டிஸ்க்குகள் அவை. டிரைவ் இன்னும் பத்து வருடம் ஓடினாலும் டிஸ்க் அதுவரை இருக்குமா என்பதுதான் பயம். கல்யாண வீடியோ டிஸ்க் வைத்திருக்கும் எந்த வீட்டுக்கும் இதையேதான் சொல்வேன். அந்த டிஸ்க்கில் சிரிக்கும் பாட்டியும் தாத்தாவும் வேறெங்கும் இல்லை என்றால், டிரைவின் வேகத்தை யோசிக்கும் முன் டிஸ்க்கை எடுத்து வையுங்கள்.

ஆக, எக்ஸ்பி மெஷினில் எப்போதாவது டிஸ்க் போடுபவர் ரீசெட் செய்துவிட்டுக் காத்திருந்து பார்த்தால் போதும். மாதத்துக்குள் விழுந்தால் கேபிளை மாற்றுங்கள். தினமும் எழுதிக் கொடுக்கும் ஸ்டூடியோ, டிடிபி கடை என்றால் ரீசெட்டும் கேபிளும் ஒரே நாளில் செய்துவிடுங்கள், பிஐஓவில் எழுதிய டிஸ்க்குகளைச் சரிபாருங்கள். டிரைவே தளர்ந்துவிட்டால், யூஎஸ்பி 2.0 இருக்கும் மெஷினில் உள்ளே மாட்டும் டிரைவைவிட யூஎஸ்பி ரைட்டரையே நான் வாங்கச் சொல்வேன். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கும் வழி இதேதான். அங்கே ஏடிஏ சேனல் என்ற பெயரில் இருக்கும், டிஎம்ஏவை இயக்கும் டிக் கட்டம் கூடுதலாக இருக்கும். சில போர்டுகளில், குறிப்பாக சிப்செட்டில் ஐடிஇ இல்லாமல் ஜேமைக்ரான் சிப் வைத்து ஐடிஇ சாக்கெட் கொடுத்த போர்டுகளில், டிரைவ், எஸ்சிஎஸ்ஐ என்ற இன்னொரு இணைப்பு வகையின் தலைப்பின் கீழே காட்டும். சேனலைக் காணோம் என்று பதறாமல் அங்கே தேடுங்கள். லினக்ஸ்காரர்கள் டிமெசேஜ் பதிவில் அந்த டிரைவுக்கு நேராக யூடிஎம்ஏ/33 என்று இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அண்ணாச்சி கடையில் கேபிள் மாற்றி, ரீசெட் செய்து, அதே டிஸ்க்கை மறுபடி போட்டோம். ஏழு நிமிடத்தில் இறங்கியது. காப்பி ஓடும்போதே அவர் மவுஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் கழித்து போய்ப் பார்த்தேன், மோட் 2-இலேயே நின்றது. புது டிரைவுக்கு எடுத்து வைத்திருந்த காசில் ஒரு 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் வாங்க வைத்தேன்.

இப்போது தினமும் கடை சாத்தும் முன் அவர் மகன் பத்து டிஸ்க் இறக்குகிறான். வரிசை நான் சொன்னது: டிரைவ் இழுத்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில் எழுதிய டிஸ்க்குகள் முதலில், பிறகு ஆண்டு வாரியாகப் பழையதிலிருந்து. இறக்கியதும் உறையின் மேல் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் ஒரு டிக். இழுத்த மாதங்களில் எழுதிய பதினொன்றில் ஒன்று பாதியில் நின்றது. நல்லவேளையாக அந்த வேலையின் ஃபைல் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருந்தது, எடுத்துவிட்டோம். 2009 முருகன் கிடைத்துவிட்டார். இன்னும் நூற்றைம்பது டிஸ்க் பாக்கி, ஆடிப்பெருக்குக்கு காலண்டர் மாதிரி ஆல்பம் போடும் வேலை சூடுபிடிக்கும் முன் முடித்துவிட வேண்டும் என்று இருக்கிறார்கள்.